டீச்சர் கடலில் விட்டுப் போன கட்டுமரம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முட்டிவலியில் ஆரம்பித்து டி.வி. தொடரில் போய் நிற்கிறது. நானும் பார்க்கிறவள்தான், மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் கதாநாயகியைக் கிணற்றுச் சுவர்மேல் ஏற்றி நிறுத்திவிட்டு 'தொடரும்' என்று போடுகிறார்களே, அப்போது எனக்கு வருகிற கோபத்தைப் பார்த்து என் மருமகள் ரிமோட்டை எடுத்து ஒளித்துவிடுவாள். "கதைதானே அத்தை" என்பாள். அவளுக்கு என்ன தெரியும், அவள் ராயபுரத்தில் எட்டாவது படித்தவளா? ஒரு கதையைப் பாதியில் விட்டால் என்னவெல்லாம் நடக்கும் என்று கண்ணால் பார்த்தவள் நான். உங்களுக்குச் சொன்னால் புரியும், அதனால் சொல்கிறேன்.

எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். டிராம் வண்டி நின்றுபோன வருஷம், இல்லாவிட்டால் அதற்கு அடுத்தது. எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் ரயில் தண்டவாளம், மறு பக்கம் குப்பமும் கடலும். ஒரு காதில் கூட்ஸ் வண்டிகள் முட்டிக்கொள்ளும் சத்தம், இன்னொரு காதில் அலை. நடுவில் உட்கார்ந்து நாங்கள் செய்யுள் ஒப்பிக்க வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் காற்று மணலை வாரிக்கொண்டு வந்து மைக்கூட்டில் கொட்டும். கட்டைப் பேனாவைத் தோய்த்து எழுதினால் நிப்பு மணலைச் சேர்த்து இழுத்துத் தாளைக் கிழிக்கும். "எழுத்தா இது, கோழி கிளறினதா?" என்று முட்டியில் ஸ்கேலால் ஒன்று விழும். இன்று வலிக்கிற முட்டி அதுதானோ என்னவோ.

பள்ளிக்கூட மணி என்பது வேப்பமரத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. ஆயா இரும்புக் கம்பியால் ஓங்கி அடித்தால் குப்பம் வரைக்கும் கேட்கும். அந்தத் துண்டைப் பிற்காலத்தில் யாரோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஒரு நாள் முழுக்க மனசு சரியில்லை. இந்தக் கதையில் நடந்த அத்தனைக்கும் அந்த மணிதான் காரணம், ஆனாலும் அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளைப் பெஞ்சுக்காரி என்றே சொல்கிறேன். இப்போதும் போனில் நாங்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம். அவள் குப்பத்துப் பெண். அவள் நைனா கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர், எந்த வாசலிலும் குனியாமல் நுழைய முடியாத நெட்டை. அம்மா கூடை தூக்கி மீன் விற்பாள், எங்கள் வீட்டுக்கும் அவளிடம்தான் வாடிக்கை. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பா, "அந்தக் குப்பத்துச் சகவாசம் வேண்டாம், பாவாடையெல்லாம் கவுச்சி அடிக்கிறது" என்று என்னைத் திட்டுவார். திட்டிவிட்டு, அதே அம்மாள் கொடுத்த சங்கராமீன் குழம்பை விரல் விரலாக நக்குவார்.

அந்தக் குப்பத்தில் எட்டாவது வரை வந்த முதல் பெண் அவள். எட்டாவது தேறிவிட்டால் டீச்சர் ட்ரெயினிங் சேரலாம் என்று யாரோ சொல்லப்போக, அவளுக்கு அதற்கப்புறம் வேறு நினைப்பே கிடையாது. சாயங்காலமானால் கரையில் இழுத்துப்போட்ட கட்டுமரத்தில் குப்பத்துப் பொடிசுகளை வரிசையாக உட்காரவைத்து அதட்டிக்கொண்டிருப்பாள். என்ன பாடம் நடத்தினாள் என்று எனக்கு நினைவில்லை, ஆனால் அதட்டல் அச்சு அசல் எங்கள் பெரிய டீச்சர், அதாவது ஹெட்மிஸ்ட்ரஸ்தான். அவள் அம்மாவுக்கு அரை மனசு. வீட்டில் தவழ்கிற வயதில் ஒரு தம்பி, பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. "இந்த ஒரு வருசம் போய்க்கோ, அப்பால பாக்கலாம்" என்றுதான் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஜூனில் வகுப்பு ஆரம்பித்து ஆடி வருவதற்குள் எங்கள் வகுப்பில் மூன்று பேர் பெயரை அடித்தாகிவிட்டது. ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்தி பெரியவளாகிவிட்டாள், ஒருத்தி ஏன் நின்றாள் என்று இன்றுவரை தெரியாது. பெண்பிள்ளை படிப்பை நிறுத்தக் காரணமா தேட வேண்டும் அப்போது! நாலாவதாக அடிக்கப்போவது என் பெஞ்சுக்காரியின் பெயராக இருந்துவிடுமோ என்று தினமும் ஆஜர் கூப்பிடும்போது காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்த ஜூனில்தான் புதுத் தமிழ் டீச்சர் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும், எங்களுக்கு அன்று அதுவே பெரிய வயசு. கடலையே அப்போதுதான் முதல்முறை பார்க்கிறார். ஜன்னலருகில் நின்று, "ஏங்கண்ணு, இது எப்பவும் இப்படிச் சத்தம் போட்டுட்டேதான் இருக்குமா?" என்று கேட்டார்.

"ராத்திரியில லீவு டீச்சர்" என்றாள் பெஞ்சுக்காரி. பாவம், அவர் நம்பிவிட்டார்.

அதுவரை தமிழ் என்றால் எங்களுக்கு மனப்பாடம்தான். இவர் வியாழக்கிழமை கடைசி பீரியடைக் கதைக்கென்று ஒதுக்கினார். "கதையைக் கேட்டா மட்டும் போதாது கண்ணு, அதை எப்படிச் செஞ்சிருக்காங்கன்னு பார்க்கோணும்" என்றார். இடது கையை விரித்துக் காட்டி ஒவ்வொரு விரலாகத் தொடுவார். கட்டைவிரல் மாந்தர், ஆட்காட்டி விரல் இடம், நடுவிரல் பொழுது, மோதிரவிரல் சிக்கல், சுண்டுவிரல் முடிவு. ஐந்தும் இருந்தால்தான் கதை கையில் நிற்கும் என்பார். பெஞ்சுக்காரி எழுந்து, "டீச்சர், மோதிரம் போட்டுக்கினாதான் சிக்கலா?" என்று கேட்டாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. கல்யாணமாகாத டீச்சர் காது வரைக்கும் சிவந்துபோய்க் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் வாரம் ஆளுக்கொரு கதை எழுதிவரச் சொன்னார். முப்பது பேரும் 'ஒரு ஊரில் ஒரு ராஜா' எழுதிக்கொண்டு போனோம். டீச்சர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "நீங்க பார்த்த ஊரு, பார்த்த மனுசங்களை வெச்சு எழுதுங்க. ராஜா வேண்டாம்" என்றார். நாங்கள் சொன்னபடி கேட்கிற பிள்ளைகள். அடுத்த வாரம் முப்பது ராஜாக்களும் மாறுவேஷம் போட்டுக்கொண்டு ராயபுரம் வந்து இறங்கினார்கள். ஒரு ராஜா டிக்கெட் வாங்காமல் ரயிலில் வந்து மாட்டிக்கொண்டார். ஒருவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், அவர் என்னுடைய ராஜா. அந்த நோட்டை நான் வெகுநாள் தகரப் பெட்டியில் வைத்திருந்தேன். கல்யாணமாகிப் புகுந்த வீட்டில் அந்தப் பெட்டியில் அரிசி கொட்டி வைத்தார்கள், நோட்டு எங்கே போயிற்றோ.

இவ்வளவு சிரிப்பும் கூத்துமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வியாழக்கிழமை வந்தது.

அன்று பாடம் மோதிரவிரல், அதாவது சிக்கல். "இன்னிக்கு உங்க ஊர்க் கதையே சொல்றேன்" என்று டீச்சர் ஆரம்பித்தார். ஒரு மீனவன். விடியற்காலையில் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு தனியாகக் கடலுக்குப் போகிறான். நடுக்கடலில் காற்று திரும்புகிறது. பாய் கிழிகிறது. துடுப்பு கையை விட்டு நழுவிப் போகிறது. கரையில் அவன் மனைவி நெற்றியில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். பொழுது சாய்ந்துவிட்டது, கடலில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை.

டீச்சர் நன்றாகவே சொன்னார். ஆடிக் காற்று வேறு ஜன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்ததால் எங்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த நேரம் பார்த்து ஆயா தண்டவாளத்தில் டங்கென்று அடித்தாள்.

"முடிவு நாளைக்கு" என்றார் டீச்சர், ரொம்ப சந்தோஷமாக. "ராத்திரி பூரா நீங்க தவிக்கோணும். அந்தத் தவிப்புதான் கண்ணு கதை."

பெஞ்சுக்காரி எழுந்து நின்றாள். "டீச்சர், அவன் கரைக்கி வந்தானா?"

"நாளைக்குச் சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்க டீச்சர். வந்தானா, வர்லியா, அத்த மட்டும் சொல்லுங்க."

டீச்சர் முகம் மலர்ந்துபோயிற்று. பாடம் எப்படி இறங்கியிருக்கிறது பார் என்று நினைத்திருப்பார். அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். பெஞ்சுக்காரி பின்னாலேயே ஓடினாள். கேட்டருகில் போவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

அவள் ஏன் அப்படித் துடித்தாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் நைனா அன்று விடியற்காலை கடலுக்குப் போனவர், மத்தியானச் சோற்றுக்கு வந்துவிட வேண்டியவர், சாப்பாட்டு மணியில் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதும் வரவில்லை. அது ஒன்று. இன்னொன்று, அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாக் குப்பத்திலும் உண்டோ, அவர்கள் வீட்டில் மட்டுமோ, நான் விசாரிக்கவில்லை. ஆம்பிளை கடலில் இருக்கும்போது கடலில் தவிக்கிறவன் கதையைப் பேசக் கூடாது. வாய் தவறி ஆரம்பித்துவிட்டால், ஆரம்பித்தவரே அந்த ஆளைக் கரையேற்றிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். வேறு யாரும் முடித்தால் செல்லாது. டீச்சரோ ஆரம்பித்து, பாயைக் கிழித்து, துடுப்பையும் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார்!

"நான் வேணா முடிக்கட்டுமா?" என்றேன் போகும் வழியில். "அவன் வந்துட்டான். சோறு தின்னான். தூங்கிட்டான்."

"நீயா ஆரம்பிச்ச? வாய மூடிக்கினு வா" என்றாள். அப்படிச் சொன்னவள் அழுதுகொண்டிருந்தாள்.

கரையில் அவள் அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மற்றக் கட்டுமரங்கள் எல்லாம் மேலே ஏறியிருந்தன. பெஞ்சுக்காரி, டீச்சர் சொன்ன கதையை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். கேட்டுக்கொண்டே வந்த அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். என்னை மட்டும், "நீ வூட்டுக்குப் போ பாப்பா, உங்கம்மா தேடும்" என்று அனுப்பிவிட்டாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பாயில் படுத்துக்கொண்டு சுண்டுவிரலைப் பிடித்தபடி, 'வந்துடணும், வந்துடணும்' என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் என் பக்கத்து இடம் காலி. அவள் நைனா இன்னும் வரவில்லை என்றுதானே அர்த்தம்? மூன்றாவது பீரியட் தமிழ். டீச்சர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, "என்ன, தவிச்சீங்களா?" என்றார். எல்லாரும் அந்தக் காலி இடத்தையே பார்த்தோம். காலையிலேயே நான் வகுப்பு முழுக்கச் சொல்லியிருந்தேன்.

"ஏன் எல்லாரும் உம்முன்னு இருக்கறீங்க?"

நான்தான் எழுந்தேன். "அவ நைனா நேத்து கடலுக்குப் போனவரு இன்னும் வரலை டீச்சர். நீங்க கதையைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டீங்க."

அந்த வழக்கத்தையும் சொன்னேன். டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது எனக்கு. அதே நேரம் வாசலில் ஒரே கூச்சல்.

ஓடிப்போய் ஜன்னலில் தொத்தினோம். பெஞ்சுக்காரியின் அம்மாவும் கூடவே மூன்று மீன்காரப் பெண்களும் காலிக் கூடைகளோடு கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். பின்னால் பெஞ்சுக்காரி, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டபடி. ஆயா தடுத்துப் பார்த்து முடியாமல் ஓரமாக நின்றுவிட்டாள். பெரிய டீச்சர் கையில் ஸ்கேலோடு வெளியே வந்தார்.

"இது பள்ளிக்கூடம். இங்கே வந்து சத்தம் போடக் கூடாது."

"நான் இன்னாத்துக்குச் சத்தம் போடறேன்? எம் பொண்ணு பேர அடிச்சிடு, நான் பாட்டுக்குப் பூடறேன்" என்றாள் அந்தம்மாள். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. "அதுக்கு முன்னால, அந்தக் கத சொன்ன டீச்சரம்மா யாரு, வரச்சொல்லு."

எங்கள் டீச்சர் ஏற்கனவே படியிறங்கிவிட்டார். கைகூப்பியபடி, "நான்தானுங்க. உங்க வீட்டுக்காரரு..." என்று இழுத்தார்.

"என் ஆளு காலையில வந்துட்டான். உன் ஆளு எங்க? இன்னும் கடல்லதான கீறான்? நாளைக்கி என் ஆளு மறுபடி கடலுக்குப் போவணும். உன் ஆள அங்கியே வுட்டுட்டா எப்டி? அவன மொதல்ல கரையேத்து!"

நைனா வந்துவிட்டார் என்றதும் ஜன்னலில் தொத்தியிருந்த நாங்கள் ஹோவென்று கத்தினோம். பெரிய டீச்சர் எங்கள் டீச்சரை நெருங்கி, "குடித்திருக்கிறாள், கண்ணைப் பாருங்கள். நீங்கள் உள்ளே போங்கள், நான் பெயரை அடித்து அனுப்பிவிடுகிறேன்" என்றார். எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. எங்கள் டீச்சர் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"உள்ள வாங்கம்மா. உங்க முன்னாலேயே முடிக்கிறேன்" என்றார்.

கூடைகள் மட்டும் வெளியே இருக்கட்டும் என்று பெரிய டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். நாலு பேரும் வகுப்பின் பின்சுவரில் சாய்ந்து நின்றார்கள். பெஞ்சுக்காரி கதவோரம் நின்றாள், பெஞ்சுக்கு வரவில்லை. டீச்சர் கரும்பலகை முன்னால் நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"காத்து நின்னுபோச்சு. அவன் பத்திரமா கரைக்கு வந்து சேர்ந்தான். எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க."

"அவ்ளோதானா?" என்றாள் அம்மா.

"அவ்வளவுதானுங்க."

"பாயி கிழிஞ்சிச்சி, துடுப்பும் பூடுச்சின்னியே, எத்த வெச்சிகினு வந்தான்? நடந்து வந்தானா?"

பின்சுவர் சிரித்தது, நாங்களும் சிரித்தோம். டீச்சர் விழித்தார்.

"அவன் பேரு இன்னா?" என்றாள் இன்னொருத்தி.

"பேரு வைக்கலீங்க."

"பேரு இல்லாதவன எந்தப் பொண்டாட்டி கரையில நின்னு பாப்பா?" என்று ஆளாளுக்குப் பெயர் சொன்னார்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்தப் பெயரில் குப்பத்தில் ஒருவன் இருந்தான், அவன் வீட்டுக்காரியோ தங்கச்சியோ கொழுந்தியாளோ இந்த நாலு பேரில் ஒருத்தியாக இருந்தாள், வேண்டவே வேண்டாம் என்றாள். கடைசியில் அம்மா, "நெட்டையன்னு வெச்சிக்கோ" என்றாள். டீச்சர் பலகையில் 'நெட்டையன்' என்று எழுதினார். கதவோரம் பெஞ்சுக்காரி தம்பியின் முதுகில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"ஆடிக் காத்துல குப்பமே கரையில குந்திகினு வல பின்னிகினு கீது. இவன் மட்டும் ஏன் போனான்? அத்த யோசிச்சியா?"

டீச்சர் யோசித்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "நீங்களே சொல்லுங்கம்மா, ஏன் போனான்?"

"பொண்டாட்டி போவாதன்னு சொல்லியிருப்பா. அதான் போயிருப்பான்!" என்றாள் மூன்றாவது பெண். நாலு பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கட்டைவிரலைத் தூக்கி எங்களிடம் காட்டிவிட்டு, மாந்தர் என்ற தலைப்பின் கீழே 'பெண்டாட்டி பேச்சைக் கேட்காதவன்' என்று எழுதினார். கதவருகில் நின்ற பெரிய டீச்சர் பலமாக இருமினார்.

அதற்கப்புறம் கதை அம்மாவின் கைக்குப் போய்விட்டது. டீச்சர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பார், அவள் பதில் சொல்வாள், இவர் எழுதிக்கொள்வார். கிழிந்த பாயை நெட்டையன் காலால் மிதித்துக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டான். "அப்டிப் புடிச்சா காத்து தள்ளிக்கினு போவும். நாம போற எடத்துக்குப் போவாது, அது போற எடத்துக்கு நாம போவணும்." தெற்குக் காற்று அவனை வடக்கே தள்ளிற்று. திருவொற்றியூரைத் தாண்டி, எண்ணூரைத் தாண்டி, முகத்துவாரக்குப்பத்தில் கொண்டுபோய் ஒதுக்கிற்று. "அங்க அவன் தங்கச்சி வூடு கீது. வாண்ணான்னு கூப்ட்டு நண்டு வறுத்துப் போட்டா. நல்லா துன்னுட்டு குறட்ட வுட்டுத் தூங்கினான், மவராசன். இங்க ஒருத்தி விடிய விடிய மணல்ல நிக்கிறாளேன்னு ஒரு நெனப்பு உண்டா?"

இது நேற்று அவள் வீட்டில் நடந்ததேதான் என்று மக்குக்கும் புரிந்துவிட்டது. நாங்கள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தோம். பெஞ்சுக்காரியும் சிரித்தாள். காற்று தணிந்ததும் நெட்டையன் தங்கச்சி வீட்டுத் துடுப்பை இரவல் வாங்கிக்கொண்டு, வழியில் வலை போட்டு, ஒரு கூடை மீனோடு மாதா கோயில் மணி அடிக்கும்போது ராயபுரம் கரை வந்து சேர்ந்தான்.

டீச்சர் பெருமூச்சு விட்டார். "மனைவி ஓடிப்போய் அவனைக் கட்டிப் பிடிச்சுட்டு அழுதா. சரிங்களா?"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கட்டிப் புடிச்சிகினு அழுதுகினு நின்னா மீன யாரு விக்கறது? நாறிப் பூடாது?" என்றாள் அம்மா. "கரையில ஒரு வார்த்த பேச மாட்டா. அவன் மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டா. கூடயத் தூக்கிகினு சந்தைக்கி ஓடுவா."

"அப்ப அழவே மாட்டாளா?"

"ஏன் அழ மாட்டா? சந்தையில எவளாவது ஒருத்தி அநியாயத்துக்குப் பேரம் பேச வருவா பாரு, அவகிட்ட ஒரு சண்ட போடுவா. ஊரே கூடற மாதிரி. அந்த சண்டையில அழுதுடுவா. பாக்கறவங்க மீனுக்கு அழுவறான்னு நெனச்சிப்பாங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவ்ளோதான் கத. உன் ஆளு கரையேறிட்டான்."

டீச்சர் கரும்பலகையில் கடைசி வரியை எழுதிவிட்டு, திரும்பாமல் அப்படியே நின்றார். பிறகு அந்தம்மாளிடம் வந்து, "எனக்கு ட்ரெயினிங்ல இதை யாரும் சொல்லிக் குடுக்கலீங்கம்மா. பேரை அடிக்க வேண்டாங்க. அவளை விட்டுட்டுப் போங்க" என்றார். கெஞ்சுகிற குரல்.

அம்மா விறுவிறுவென்று திரும்பி நடந்தாள். கதவோரம் போய், பெஞ்சுக்காரியின் இடுப்பிலிருந்த தம்பியைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். "போய் உக்காரு" என்றாள். அவள் ஓடிவந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்த வேகத்தில் மைக்கூடு கவிழ்ந்து என் பாவாடையெல்லாம் ஊதா. அதற்கு வீட்டில் அடி வாங்கினேன், கொஞ்சமும் வலிக்கவில்லை.

போகிறவள் வாசலில் நின்று திரும்பினாள். "ந்தா டீச்சரம்மா, இனிமே கடல் கதய பாதியில வுடாத. பாதியில வுட்டே ஆவணும்னா காட்டுக் கதயா சொல்லு."

"காட்டுல புலி கடிச்சுட்டா என்னங்க பண்றது?"

"கடிக்கட்டும். எங்க ஆளு எவனும் காட்டுக்குப் போவல!"

வெளியே கூடைகளில் ஒட்டியிருந்த செதிலைக் காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தன. அவற்றை விரட்டிவிட்டு நாலு பேரும் போனார்கள். அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்க எங்கள் டீச்சர் மணி அடிப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே எல்லாரையும் கரையேற்றிவிடுவார். யாராவது அவசரமாகக் கதையை முடித்து நீட்டினால், அந்தக் கோயம்புத்தூர் வாயால், "எத்த வெச்சிகினு வந்தான்?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் போய் எங்கள் ராஜாக்கள் எல்லாரும் செத்தே போனார்கள். வீட்டில் என் அப்பாவோ, "பள்ளிக்கூடத்தில் புகுந்து ரகளை செய்தார்களாமே, அந்த ஜனங்களே அப்படித்தான்" என்றார். நானும், அந்தம்மாள் சண்டை போடத்தான் வந்தாள், எங்கள் டீச்சர் சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டார் என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெஞ்சுக்காரி எட்டாவது தேறினாள், ட்ரெயினிங் போனாள், கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளை அதட்டிவிட்டு ரிட்டயர் ஆனாள். போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன். பத்து நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, பிள்ளைகளுக்கே ஆச்சரியம். நல்லபடியாக வீட்டுக்குக் கூட்டி வந்து கட்டிலில் படுக்கவைத்த மறுநாள் காலை, பால் பாக்கெட் ஒன்று ஓட்டையாக இருந்தது. பால்காரரை நிறுத்திவைத்து நான் போட்ட சண்டை இருக்கிறதே, எதிர் வீட்டு மாடியிலெல்லாம் ஆள் வந்து பார்த்தார்கள். நடுவில் அழுகை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அந்த மனுஷர் பயந்துபோய் இரண்டு பாக்கெட் சும்மாவே வைத்துவிட்டு ஓடிவிட்டார்.

அந்தப் பாக்கெட்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. உடனே பெஞ்சுக்காரிக்குப் போன் போட்டேன். "ஏய், உங்கம்மா அன்னிக்கி ஸ்கூலுக்குச் சண்டை போட வரலைடி, இல்ல?" என்றேன்.

எழுபது வருஷம் கழித்துக் கேட்கிறேன், என்ன ஏது என்றுகூட அவள் கேட்கவில்லை. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"உனக்கு இப்பத்தான் தெரிஞ்சிச்சா?" என்றாள். "அன்னிக்கின்னு பாத்து சந்தையில ஒருத்திகூடப் பேரம் பேசலியாம். சொன்ன வெலைக்கி வாங்கிகினு பூட்டாளுங்களாம். எங்கம்மா பாவம், வேற எங்க போவும்?"